கத்தாத இடது கால் செருப்பு

எங்கள் பரிசோதனைக்கூடம் குழந்தைகள் வார்டுக்குப் போகிற நடையை ஒட்டி இருக்கிறது. கதவு எப்போதும் சாத்தியிருக்கும். ஆனாலும் சத்தங்கள் உள்ளே வந்துவிடும். ஸ்டிரெச்சர் சக்கரம், சாப்பாட்டு வண்டி, ஊசி போட்டுக்கொண்டு திரும்பும் பிள்ளையின் அழுகை, அந்த அழுகையைப் பாதியில் நிறுத்துகிற பிஸ்கட் பொட்டலத்தின் சரசரப்பு. கிருமிகளோடு வேலை செய்கிறவளுக்கு மனிதர்கள் குப்பிகளாகத்தான் வந்து சேர்வார்கள். ஒரு மூடி, ஒரு சீட்டு, அடியில் கொஞ்சம் சீழ். முகம் பார்க்கக் கிடைக்காததால் எனக்குக் காது நீண்டுவிட்டது என்று நினைக்கிறேன்.

பொங்கல் முடிந்த வாரம். காலை வெயில் நடையில் பாய் விரித்திருந்தது. வெளியே 'கீச்' என்றது. பிறகு ஒரு வெற்றிடம். மறுபடி 'கீச்'. மறுபடி வெற்றிடம்.

மிதித்தால் கத்துகிற குழந்தைச் செருப்பு. ஊரில் நடை பழகுகிற பிள்ளைகள் பாதிப்பேர் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். கீச்சுக் கீச்சு என்று இரண்டு குரலில் சண்டைபோட்டபடி போகும் அது. இதில் ஒரு குரல் காணாமல் போயிருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்தேன். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. வேலை இல்லாத இடத்தில் போய் நிற்பது என் பழைய வியாதி.

ஒன்றரை வயதைத் தாண்டிய பெண் குழந்தை. அம்மாவின் ஒரு விரலைப் பிடித்து நடந்து வந்தது. வலது காலை முழுசாக ஊன்றியது. இடது காலின் நுனிவிரலை மட்டும் தரையில் தொட்டு, சுடுகல்லைத் தொட்டதுபோல உடனே எடுத்தது.

"ஒரு செருப்பு கெட்டுப்போச்சா?" என்று கேட்டேன்.

"கெடல மேடம். இது ரெண்டாவது ஜோடி" என்றாள் அந்த அம்மா. சின்னப் பெண். தோளில் எக்ஸ்ரே உறை துருத்திய ஒரு துணிப்பை. "மொத ஜோடி பொங்கலுக்கு எடுத்தது, தவளக்குப்பத்துல. ஒரு செருப்பு கத்துச்சி, ஒண்ணு கத்தல. கடைக்காரன் ஏமாத்திட்டான்னு சண்டைக்கிப் போனேன். அவன் கையால அமுக்கிக் காட்டறான், கத்துது. பாப்பா காலுல போட்டா கத்தல. இந்தா, வேற ஜோடி எடுத்துகினு கெளம்பு, இன்னொரு தபா வராதன்னான். வூட்டுக்கு வந்து போட்டுப் பாத்தா, இதுவும் எடது காலு கத்தல. அப்பதான் மேடம் கோளாறு செருப்புல இல்ல, காலுலன்னு புரிஞ்சிது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாய்தான் சிரித்தது.

நான் குனிந்து அந்த இடது செருப்பை விரலால் அமுக்கினேன். கத்தியது. குழந்தை என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கணைக்கால் எலும்பின் மேல்பக்கத்தில் கைவைத்தேன். உடம்பு முழுக்கச் சாதாரணமாக இருக்க, அந்த ஒரு இடத்தில் மட்டும் காய்ச்சல் குடியேறியிருந்தது.

அன்று மதியம் எலும்பு டாக்டரின் அறையில் அந்த எக்ஸ்ரேயைப் பார்த்தேன். அவர் என்னைவிடச் சின்னவர், கெட்டிக்காரர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். பால்வெள்ளை எலும்பில், முழங்காலுக்கு அருகில், கறையான் வைத்தது மாதிரி ஒரு கறுப்புக் குழி.

"ரெண்டுல ஒண்ணு மேடம். டிபி. இல்லாட்டி, நாம வாய்விட்டுச் சொல்ல வேணாம்னு நெனைக்கிறது."

வாசலில் நின்றிருந்த அம்மா அந்த இரண்டாவதை, அவர் சொல்லாமலேயே கேட்டுவிட்டாள். குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

"காலு போயிடுமா சார்?"

"யாரும்மா அப்டி சொன்னது? தெறந்து பாப்போம். சீழு இருந்தா எடுப்போம். டிபி மாத்திரை ஆரம்பிப்போம், ஒரு வருஷம் ஆகும், சரியாயிடும்."

அவர் சொன்னது நியாயம்தான். நம் ஊரில் எலும்பில் குழி என்றால் முதலில் காசநோயைத்தான் நினைக்க வேண்டும், பத்துக்கு ஒன்பது தடவை அந்த நினைப்பு குழந்தையைக் காப்பாற்றும். என்னை அரித்தது அந்தப் பத்தாவது தடவை. குழி இருந்த இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே எலும்பின் குருத்து. கால் நீளுவது அங்கிருந்துதான். காசநோயாக இல்லாமல் வேறு ஏதோ ஒன்றாக இருந்து, நாம் காசநோய் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், அந்த வேறொன்று நிதானமாக மேலே ஏறிக் குருத்தைத் தின்றுவிடும். பிறகு இடது கால் குட்டையாகவே நின்றுவிடும். காலே மிஞ்சாமலும் போகலாம். ஆக, கண்டுபிடிக்க வேண்டியது உள்ளே இருப்பது யார் என்பதை. அதுவும் மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்னால்.

அறுவை அறைகளில் ஒரு கைப்பழக்கம் உண்டு. உடம்பிலிருந்து வெளியே வருவதெல்லாம் பார்மலின் குப்பியில் விழும். நுண்ணோக்கியில் சதையைப் பார்க்கிறவர்களுக்கு அது நல்லது, சதை கெடாமல் இருக்கும். ஆனால் பார்மலின் கிருமியையும் சேர்த்துக் கொன்று பதப்படுத்திவிடும். செத்ததை வளர்க்க எனக்குத் தெரியாது. அதனால் மறுநாள் அறுவை அறை வாசலில், வெறும் குப்பியைக் கையில் பிடித்தபடி போய் நின்றேன், ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நிற்கிறவள் மாதிரி.

"உங்களுக்கு ஒரு சேர் போடட்டா மேடம்?" என்றார் அங்கிருந்த சிஸ்டர். "மைக்ரோபயாலஜிக்காரங்க இங்க வந்தா மழ கொட்டும்னு சொல்லுவாங்க."

"சீழு வந்தா எனக்குக் கொஞ்சம் பார்மலின் படாம குடுங்க சிஸ்டர். நான் போயிடறேன்."

"நீங்க போனா போதும், முழுசா குடுக்கறேன்."

பாயசத்தின் நிறத்தில் இருந்தது அது. இன்னும் சூடு ஆறவில்லை. குப்பியை உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன்.

எங்கள் கூடத்து டெக்னீஷியன் என்னைவிட மூத்தவர். பிரெஞ்சுக்காரர் காலத்துக் குடும்பம். பேச்சில் அந்தக் காலம் ஒட்டிக்கொண்டிருக்கும், கணவரை 'எங்க வூட்டு முசே' என்றுதான் சொல்வார். அவர் கண்ணாடித் தகட்டில் சீழைத் தடவிச் சாயமேற்றினார். நான் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். சிவப்பாகக் குட்டிக் குட்டிக் குச்சிகள். இரண்டு முனையிலும் சாயம் அப்பி, நடுவில் வெளுத்துக் கிடந்தன. புடவைத் தலைப்பில் குத்துகிற ஊக்கை யாரோ கைப்பிடி அள்ளிச் சிதறவிட்டதுபோல.

குழந்தைகளின் எலும்பில் வழக்கமாக இருப்பது திராட்சைக் கொத்து மாதிரியான உருண்டைக் கிருமி. இது அது இல்லை. காசநோய்க் கிருமி இந்தச் சாயத்துக்கு மசியாது. இது அதுவும் இல்லை. காசநோயைத் தேடுகிற இயந்திரமும் 'இல்லை' என்றது. எலும்பு விஷயத்தில் அந்த 'இல்லை'யை முழுதாக நம்ப முடியாது என்று எலும்பு டாக்டர் சொன்னார். அதுவும் நியாயம்தான். திங்கட்கிழமை மாத்திரை ஆரம்பிப்பதாக இருந்தார்.

கிருமி வளர்வதற்காக மீதிச் சீழைத் தடவி வைத்திருந்த தட்டில், அடுத்த நாள் பனித்துளி போலப் புள்ளிகள் வளர்ந்திருந்தன.

"சூடோமோனாஸ் சாதி மாதிரி இருக்குது" என்றார் டெக்னீஷியன். "கொழாயிலயும் சாக்கடையிலயும் கெடக்கிறது. எங்கியோ ஒட்டிகினு வந்திருக்கு. தூக்கிப் போட்ரவா?"

"மூடியிருந்த எலும்புக்குள்ள சாக்கடை எப்டிக்கா போகும்?"

"அதான. எங்க வூட்டு முசேவே வழி கேட்டுக் கேட்டுதான் போவாரு."

தூக்கிப் போடவில்லை. மருந்து தோய்த்த காகித வட்டங்களைத் தட்டில் பரப்பிவிட்டுக் காத்திருந்தோம். ஜென்டமைசின் வட்டத்தின் விளிம்பு வரைக்கும் கிருமி புல்தரைபோல வந்து மோதி நின்றது. அந்த மருந்தை அது மதிக்கவே இல்லை. சாதாரண ஆக்மென்டின் வட்டத்தைச் சுற்றியோ பெரிய வெற்றிடம். தலைகீழான குணம். சாக்கடைக் கிருமிக்கு இப்படி நேராது. இன்னொரு நாள் போனதும் அந்தப் பனித்துளிகள் வாடத் தொடங்கின. ஓரம் சுருங்கி, நடுவில் மடிப்பு விழுந்து, வெயிலில் கிடந்த செவந்திப்பூ மாதிரி ஆகின.

எனக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்தது. தட்டை ஒட்டுநாடா போட்டு மூடி, காற்று வெளியே போகாத பெட்டிக்குள் மாற்றினோம். டெக்னீஷியன் முகக்கவசத்தை இறுக்கிக்கொண்டார்.

மீலியாய்டோசிஸ் என்பது நோயின் பெயர். கிருமி வாழ்வது மண்ணில். மழை விழுந்து வயல் நிறையும்போது மேலே வரும். சர்க்கரை நோயுள்ள பெரியவர்களுக்கு அது நுரையீரலில் வருவதை மழைக்காலம் முடிந்து எப்போதாவது பார்ப்போம். டிபி வேஷம் கட்டுவதில் கெட்டிக்காரக் கிருமி. ஒரு பச்சைப்பிள்ளையின் எலும்பில் நான் அதைப் பார்த்ததே இல்லை. அதன் தட்டைத் திறந்தால் மண்வாசனை வருமாம், புதுமழையின் வாசனை. முகர்ந்து பார்க்கக் கூடாது, மூச்சோடு உள்ளே போய்விடும். நான் கதையும் எழுதுகிறவள், எத்தனையோ முறை மழையை எழுதியிருக்கிறேன். அந்த மழை ஒரு கண்ணாடி மூடிக்கு அந்தப் பக்கம், இரண்டு விரல் தூரத்தில் இருக்க, மூக்கை மூடிக்கொண்டு நின்றேன்.

முழு உறுதிக்கு வெளியூரில் ஒரு பெரிய கூடத்துக்கு அனுப்ப வேண்டும். பதில் வர நாளாகும். அதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும். அதுவரை எலும்பு டாக்டரை நிறுத்தி வைக்க எனக்கு ஒரு ஆதாரம் வேண்டும். மண் எந்த வழியாக இந்தக் குழந்தைக்குள் போனது?

வார்டுக்குப் போனேன். குழந்தை கட்டுப்போட்ட காலோடு உட்கார்ந்து கஞ்சியை மறுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அம்மா. கால்மாட்டில் அத்தை, குழந்தையின் அப்பாவுக்கு அக்கா. அப்பா தட்டாஞ்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஷிப்டில் இருந்தார், நிலத்தைப் பார்ப்பது இந்த அத்தைதான் என்று தெரிந்தது. என் வயதுதான் இருக்கும். கதிர் அறுத்த காய்ப்பு உள்ளங்கையில் பளபளத்தது.

"பாப்பா மண்ணுல வெளாடுமா?"

"அய்ய, எறக்கியே வுட மாட்டோம் மேடம்" என்றாள் அம்மா. "டைல்ஸ் போட்ட வூடு."

"மழத் தண்ணியில எங்கயாவது?"

"இல்ல."

"வயலுக்குத் தூக்கிட்டுப் போவீங்களா?"

"வெயிலு. யாரு தூக்கிகினு போறது."

அத்தை குறுக்கிட்டார். "எந்த டாக்டரு வந்தாலும் மண்ணுல வுட்டியா, மண்ணத் துன்னுச்சான்னு கேக்கறாங்க. வயக்காட்டு சனம்னா புள்ளய மண்ணுல போட்டு வளக்கறம்னு நெனப்பு. எங்க புள்ள செருப்பு இல்லாம வாசலத் தாண்டாது."

அவர் கோபத்தில் பொய் இல்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆர்வம் அடங்கவும் இல்லை. எழுந்து போகாமல் கட்டிலோரம் உட்கார்ந்தேன். கேள்விகளைக் கீழே போட்டுவிட்டுச் சும்மா பேசினேன். செருப்புக் கடைக்காரனைப் பற்றி, கஞ்சி பிடிக்காத பிள்ளைகளைப் பற்றி.

"எப்ப நடக்க ஆரம்பிச்சா?"

"அத ஏன் கேக்கறீங்க" என்றாள் அம்மா. "ஒன்னரை வயசு நெருங்கியும் நிக்கவே இல்ல. தெருவுல எல்லாரும் கேக்கறாங்க. இவங்க அப்பா ஸ்கேன் எடுக்கலாமான்னாரு. அண்ணிதான் நடக்க வச்சிது."

அத்தையின் முகம் முதன்முறையாக மலர்ந்தது. "ஸ்கேனா. எங்க வூட்ல காலு ஊனாத புள்ளைங்கள என்னா பண்ணுவோம்? ஐப்பசி மழயில நாத்து நடுவோம் பாரு, அன்னிக்கி புள்ளயத் தூக்கிகினு போயி, சேத்துல முட்டிவரைக்கும் நிக்க வப்போம். நாத்து வேரு புடிக்கிற மாதிரி காலு புடிச்சிக்கும். நடவு முடியிற வரைக்கும் ஆளு மாத்தி ஆளு புடிச்சிப்போம். இவ ஒரே கத்து. சேத்தள்ளி எம் மூஞ்சில அடிச்சா. கார்த்திகை தீபத்துக்குள்ள தத்தக்கா பித்தக்கான்னு நடந்துட்டா. கேட்டுப் பாரு."

"ஆமா மேடம்" என்றாள் அம்மா.

மண்ணில் விளையாடவில்லை, வயலுக்குப் போகவில்லை என்று இருவரும் சொன்னதில் ஒரு துளி ஒளிவு இல்லை. அது விளையாட்டு இல்லையே. அழுக்கும் இல்லை. அது வைத்தியம், பிள்ளைக்குச் செய்த நல்லது. நல்லதை யார் நோய்க்கணக்கில் சொல்வார்கள்?

"அப்ப காலுல காயம் எதாவது இருந்துச்சா அக்கா?"

"காயம்லாம் இல்ல. போன போகத்துல அறுத்த நெல்லோட அடித்தாளு கீறனது, முட்டிக்கிக் கீழ. மஞ்ச வச்சேன், காஞ்சிடுச்சி." சொல்லிக்கொண்டே அவர் என் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏன்?"

நான் மண்ணில் இருக்கிற கிருமியைப் பற்றி எனக்குத் தெரிந்த எளிய சொற்களில் சொன்னேன். எது என்று தெரிந்துவிட்டால் கேட்கிற மருந்து இருக்கிறது, காலைக் காப்பாற்றலாம் என்பதைத்தான் முதலில் சொன்னேன்.

"அந்தச் சேறா?" என்றார் அத்தை.

"இருக்கலாம். அறுதியிட்டுச் சொல்ல முடியாது."

"நான் பொறந்ததுல இருந்து அந்தச் சேத்துலதான் கெடக்கறேன். என்னயும் நிக்க வச்சிருக்காங்க. இவ அப்பனயும் நிக்க வச்சோம்."

"அதான் எனக்கும் புரியல அக்கா."

அவர் எழுந்து நடையோரக் குழாய்க்குப் போனார். புடவையைத் தூக்கிப் பிடித்து, சுத்தமாக இருந்த கால்களை நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

எலும்பு டாக்டர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, காகித வட்டங்களை மறுபடி மறுபடி பார்த்தார். "சேத்துல நட்டாங்களா?" என்றார். "நான் செருப்பு சைஸ் வரைக்கும் கேட்டேன் மேடம், அத மட்டும் கேக்கல." குழந்தை வைத்தியரையும் கூப்பிட்டுப் பேசினார். திங்கட்கிழமை காசநோய் மாத்திரை ஆரம்பிக்கவில்லை. நரம்பு வழியாக வேறு மருந்து இறங்கத் தொடங்கியது. வெளியூர்க் கூடத்திலிருந்து உறுதி வந்தபோது குழந்தை கஞ்சிக்கு வாயைத் திறக்க ஆரம்பித்திருந்தது.

இந்தக் கிருமிக்கு வைத்தியம் நீளமானது. ஊசி வாரக்கணக்கில், பிறகு வீட்டில் மாதக்கணக்கில் மருந்து. நடுவில் விட்டால் மறுபடி தலைதூக்கும். கால் ஊன்றக் கூடாது என்று முழங்காலுக்கு மேல்வரை கட்டு. ஒவ்வொரு தடவை நரம்பு தேடும்போதும் குழந்தையைப் பிடித்துக்கொள்வது அத்தைதான். அம்மாவை வெளியே போகச் சொல்லிவிடுவார். குழந்தை அவர் கையைக் கடிக்கும். "கடி. நல்லா கடி. ஒனக்கு இல்லாத பாத்தியதையா" என்பார். முன்கை முழுக்கச் சின்னச் சின்னப் பிறைகளாகப் பற்தடம். குருத்து தப்பித்ததா என்று யாருக்கும் அப்போது தெரியாது. கட்டைப் பிரித்துக் கால் ஊன்றினால்தான் தெரியும் என்றார் எலும்பு டாக்டர்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வயலுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. ஒரே சேற்றில் அத்தனை தலைமுறைக் கால்கள் நின்றிருக்க, இந்த ஒரு காலை ஏன் அது தேர்ந்தெடுத்தது என்கிற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ஏரியிலிருந்து சூடான காற்று வந்தது. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அத்தை மண்வெட்டியால் முழங்கை ஆழம் தோண்டித் தந்தார். கையுறையும் முகக்கவசமுமாக நான் மண்ணைக் குப்பியில் அடைப்பதை, வரப்பில் குந்தியபடி பார்த்தார்.

"மண்ணுக்கே டெஸ்ட்டா?"

"ஆமா."

"ஒண்ணும் இல்லன்னு வந்தா?"

"இல்லன்னு அர்த்தம் இல்ல. கோடையில ஆழத்துக்குப் போயிடும்."

"இருக்குதுன்னு வந்தா?"

"அப்பவும், அதுதான் வந்துச்சான்னு கேட்டா..."

"ஏம்மா," என்றார் அத்தை, "ஒங்கிட்ட வந்து ஒருத்தரு நிம்மதியா திரும்பிப் போக முடியாது போல." அன்றுதான் அவர் என்னிடம் சிரித்தார்.

அந்த மண்ணில் எதுவும் வளரவில்லை. தட்டு தட்டாக வெறும் பூஞ்சை, யாருக்கும் தீங்கு செய்யாத வேறு நூறு உயிர்கள். கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. அதோடு வாழ முடிகிறது.

ஆடி பிறந்திருந்தது. வெளியே காற்று, நடையில் எங்கிருந்தோ வேப்பிலை வந்து உருண்டுகொண்டிருந்தது. நான் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு வெளியே 'கீச்' என்றது.

கையில் இருந்ததைக் கீழே வைத்தேன். டெக்னீஷியனும் தலையைத் தூக்கினார். இருவரும் மூச்சைப் பிடித்து அந்த வெற்றிடத்துக்காகக் காத்திருந்தோம்.

'கி.'

சின்னக் குரல், தொண்டை கட்டிய குருவி மாதிரி. கீச், கி. கீச், கி.

வெளியே ஓடினேன். குழந்தை வளர்ந்திருந்தது. பழைய செருப்பு பற்றாமல், அதே கடையில் வாங்கிய, ஒரு அளவு பெரியது. கால் மெலிந்திருந்தது, லேசான சாய்வு இருந்தது, ஆனால் இடது குதிகால் தரையில் பட்டது. எலும்பு டாக்டர் புதுப் படத்தில் இரண்டு காலையும் அளந்துவிட்டு, ஒரே நீளம், குருத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னாராம். வளர வளரப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாராம்.

"கத்துது மேடம்" என்றாள் அம்மா.

"கத்தறதா இது" என்றார் பின்னால் வந்த அத்தை. "வூட்ல காதக் கிழிக்குது. வேற செருப்பு வாங்குடின்னா மாட்டன்றா. கழட்டனா தூங்க மாட்டன்றா இவ. படுக்கையிலயும் செருப்பு."

"இந்த ஐப்பசிக்கு நடவு உண்டா அக்கா?"

"நடவு இல்லாம? நாத்த நடுவோம்." குழந்தையின் தலையில் கைவைத்தார். "நாத்த மட்டும்."

அவர்கள் குழந்தை வைத்தியரைப் பார்க்க உள்ளே போனார்கள். நான் கூடத்துக்குத் திரும்பி வந்து நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்தேன்.

"கதவு தெறந்திருக்குது, சாத்துங்க" என்றார் டெக்னீஷியன். "ரூலு."

பெட்டிக்குள் ஆபத்தான தட்டு எதுவும் அன்றைக்கு இல்லை.

"பாப்பா திரும்பிப் போகட்டும்க்கா" என்றேன்.

அவரும் எழுந்து போய்ச் சாத்தவில்லை.